நான்காம் கட்டத்துச் சிவப்புத் துணி

நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது திரையின் நான்காம் கட்டத்தில் ஒரு சிவப்புத் துணி எழும்பும். ரவிக்கைத் துணியின் மிச்சம். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதை ஒரு மர ஸ்கேலின் நுனியில் சுற்றித் தைத்து, கேமராவுக்கு முன்னால் யாரோ பிடித்திருப்பார்கள். ஸ்கேல் தெரியும், ஒரு கை தெரியும், கையில் ஒற்றைக் கறுப்பு வளையல் தெரியும். ஆள் தெரியாது. துணிக்குப் பின்னால் பாதி வகுப்பு மறைந்துவிடும். மூன்று வருடம் அந்தக் கையை நான் பார்த்தேன். அதற்கு ஒரு முகம் இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான் கணக்கு டீச்சர். லாஸ்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மாடியில், சுவரெல்லாம் கறுப்புத் துணி ஒட்டிய குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்து, கணக்கு ஆசிரியர் இல்லாத எட்டுக் கிராமப் பள்ளிகளின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு நேரலையில் பாடம் நடத்துகிறேன். எனக்கு எதிரே ஒரு பெரிய திரை, அதில் எட்டுக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பள்ளி. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சல் தாங்காது என்பதால் பள்ளிகளின் மைக்கை அணைத்தே வைத்திருப்போம். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. உலகத்தில் இதைவிடச் சௌகரியமான வாத்தியார் வேலை இருக்க முடியாது. இந்த ஏற்பாடு நிரந்தர ஆசிரியர் வரும்வரை மட்டும் என்று உத்தரவில் எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் கட்டத்துப் பள்ளி வடக்கே இருக்கிறது. கனகசெட்டிக்குளம் பேருந்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அந்த ஊரில் இறங்கிவிடலாம். பெயர் வேண்டாம். மலையும் காடும் தாண்டிப் போகவேண்டிய ஊர்களுக்காக யாரோ யோசித்துச் செய்த ஏற்பாட்டை, தினம் பேருந்தில் போய்வருகிற தூரத்துக்கு நாங்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். என் வீடு முதலியார்பேட்டையில். ஸ்கூட்டரில் கிளம்பினால் கால் மணியில் லாஸ்பேட்டை. வெயில் ஏறுமுன் குளிரூட்டிய அறை. இதை விட்டுவிட்டுக் கடற்காற்றில் புழுதி பறக்கும் பேருந்து நிறுத்தத்தில் நிற்க எனக்கு என்ன வேண்டுதலா என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒவ்வொரு பள்ளியிலும் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவரை உட்கார வைப்பார்கள். அந்த நேரத்தில் வேறு வேலை இல்லாத யாராவது: விளையாட்டு வாத்தியார், நூலகர், எழுத்தர். பெரும்பாலானவர்கள் கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பார்கள்; அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அது அவர்கள் பாடம் இல்லை. நான்காம் கட்டத்துக்கு வாய்த்தவர் தையல் டீச்சர். நகரத்துக் கன்னியர் மடத்தில் தையல் பயின்று, அந்தப் பள்ளியில் முப்பது வருடத்துக்குமேல் பெண்பிள்ளைகளுக்கு ஓரம் மடித்துத் தைக்கவும் பொத்தான் துளை போடவும் சொல்லிக்கொடுத்தவர். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அவர் ஒரு கை மட்டும். மைக் இல்லாத குறையைத் தீர்க்க அவராகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பிள்ளைகளுக்குப் புரிந்தால் சீருடைப் பாவாடை மிச்சத்தில் வெட்டிய பச்சைத் துணி, புரியாவிட்டால் சிவப்பு.

சிவப்பு அடிக்கடி எழும்பியது. அதுதான் என் எரிச்சல். நான் வேகமாக நடத்துகிறவள். அந்த வேகத்தில் எனக்குப் பெருமையும் உண்டு. முக்கோணவியலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, கல்யாண ஊர்வலத்தில் ரயில்வே கேட் போட்டதுபோல் அந்தத் துணி வந்து நிற்கும். நான் நிறுத்தித் திரும்பச் சொல்லவேண்டும். மற்ற ஏழு கட்டங்களில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒரு நாள் மேலதிகாரிகள் ஸ்டுடியோவைப் பார்க்க வந்திருந்தபோதும் சிவப்பு எழும்பியது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. அதிகாரி ஒருவர், "அது என்ன மேடம், ஏதாவது போராட்டமா?" என்று சிரித்தார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அன்று மதியமே அந்தப் பள்ளிக்குப் போன் போட்டு, வகுப்பைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"டீச்சர், அந்தத் துணி காட்றதெல்லாம் வேணாம். நாலு பேர் பாக்குற இடம். கிளாஸ் கெட்டுப்போவுது."

"சரிங்க மேடம். புள்ளைங்களுக்குப் புரியலன்னா என்ன பண்ணட்டும்?"

"முடிஞ்சதும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் எதுவும் அனுப்பவில்லை. நானும் ஏன் அனுப்பவில்லை என்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பச்சை மட்டுமே எழும்பியது. வகுப்பு முடியும்போது ஒரே ஒரு முறை, கடமைக்குக் கொடி ஏற்றுவதுபோல. சொன்னால் கேட்கிறார்கள் என்று திருப்திப்பட்டேன்.

அந்த வருடம் நான்காம் கட்டத்துப் பிள்ளைகள் எட்டுப் பள்ளிகளிலும் முதலாவதாக வந்தார்கள். அரையாண்டுத் தாள்கள் என்னிடம்தான் திருத்த வந்தன. அவர்கள் தாள்களில் மட்டும் ஒரு விசித்திரம் இருந்தது. ஏழு சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு கேட்ட கணக்கில், முறைப்படி விடை எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் "ஆறு ஆரம், ஒரு விரற்கடை" என்று எழுதிச் சரிபார்த்திருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, பாதி வகுப்பு. நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. வேறு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? எனக்குத் தோன்றியது என் திறமைதான். அந்த மார்க்கைக் காட்டி எனக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அந்தக் கூட்டம். எட்டுப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கணக்கு ஆசிரியர் இடம் நிரப்ப அனுமதி வந்திருந்தது. வடக்கே உள்ள பள்ளிதான் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி என்னிடம் கேட்டார்: "நீங்கதான் மேடம் எட்டையும் தினம் பாக்குறீங்க. அங்க தேவையா?" அந்த இடம் நிரப்பப்பட்டால் மாறுதல் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். என்னுடையது. "அங்க நல்லாப் போயிட்டிருக்கு சார். அவங்களுக்கு ஸ்கிரீனே போதும்," என்றேன். வாய் கூசவில்லை. மார்க் என் பக்கம் இருந்ததே. இடம் மேற்கே இன்னொரு பள்ளிக்குப் போயிற்று; அந்தப் பக்கம் வீடு கட்டியிருந்த ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். காலியான கட்டத்தில் வேறொரு பள்ளி வந்து சேர்ந்தது. நான் அன்று மாலை வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வாங்கினேன்.

சில மாதம் கழித்து ஸ்டுடியோ வராந்தா பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெளுத்த பருத்திப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் துணிப்பை. என்னைப் பார்த்ததும் பழகியவர்போலச் சிரித்து எழுந்தார்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"யாருங்க நீங்க?"

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "சிவப்புத் துணி, மேடம்," என்றார். அப்போதுதான் அந்தக் கறுப்பு வளையலைப் பார்த்தேன்.

அவர் கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். "வர்ற வருசம் நான் ரிடையர் ஆவுறேன் மேடம். அதுக்குள்ள ஒரு கணக்கு டீச்சர் வந்துடணும். எங்க ஹெச்.எம். எழுதுனா எடுபட மாட்டேங்குது. டிவி கிளாஸே நல்லாப் போவுதேன்னு சொல்லிடறாங்க. போதலன்னு நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா கேப்பாங்க."

"நல்லாத்தானே டீச்சர் போகுது? பச்சைதானே காட்றீங்க?"

"சிவப்பு காட்ட வேணாம்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு மீதியையும் சொன்னார். கணக்கு கைடு ஒன்று வாங்கி, மறுநாள் பாடத்தை முந்தின நாளே படித்துவைப்பாராம். என் வகுப்பு முடிந்ததும் அடுத்த பீரியட் அவருடைய தையல் பீரியட். அதில் நான் ஓட்டிவிட்டுப் போனதை முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பாராம். குடைப் பாவாடை வெட்ட இடுப்பு அளவிலிருந்து ஆரம் கண்டுபிடிக்கிற தையல்காரர் வழி ஒன்று உண்டு: ஆறு ஆரமும் ஒரு விரற்கடையும், அதாவது ஒரு விரல் அகலமும், சேர்ந்தால் ஏறக்குறைய இடுப்புச் சுற்று. வட்டத்தை அப்படித்தான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "எனக்கே மூணாவது தடவதான் வெளங்கும் மேடம். அதனால அதுங்களுக்கு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும்," என்றார். தையல் பீரியடில் கணக்கு நடத்தியதால் அந்த வருடம் தையல் பாடம் முடியவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள், பிள்ளைகள் ஒரு கைக்குட்டைகூடத் தைக்கவில்லை என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அதை ஒரு வேடிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னார். ஒரே பாடத்துக்கு எனக்குப் பொன்னாடை, அவருக்கு மெமோ.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம், அந்த இடத்தைத் தட்டிவிட்டதே நான்தான் என்று. "பாக்கலாம் டீச்சர்," என்றேன். நம் அலுவலகங்களில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உங்க பாடம் நல்ல பாடம் மேடம். கொஞ்சம் நின்னு நின்னு போனீங்கன்னா போதும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்தக் கடிதத்தை எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். எழுதினால் கூட்டத்தில் சொன்னது பொய் என்று ஆகும். மார்க்குக்குக் காரணம் நான் இல்லை என்று ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வடக்கே போகும் பேருந்தில் நான் ஏறவேண்டியிருக்கும். மூன்றில் எது என் கையைப் பிடித்தது என்று இப்போது பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. எழுதவில்லை. தையல் டீச்சர் ஓய்வுபெற்றார். அவரோடு அந்தப் பள்ளியின் தையல் ஆசிரியர் இடமும் போயிற்று. மகனோடு சென்னைப் பக்கம் இருக்கிறார் என்று கேள்வி. அடுத்த பரீட்சையிலேயே நான்காம் கட்டம் எட்டாவதாக வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அக்கறை போதவில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

இப்போது துணி, ஸ்கேல் எதுவும் இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அதில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். வகுப்பு முடிவில் ஒன்றை அழுத்தவேண்டும். கட்டத்தின் விளிம்பு அந்த நிறத்துக்கு மாறும். கருவி வந்த நாளிலிருந்து ஒரு பள்ளியிலாவது சிவப்பு எரிந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் நேரு வீதியில் ஒரு மேட்சிங் ரவிக்கைத் துணிக் கடைக்குப் போனேன். துணி எடுத்துப்போட்ட பெண்ணுக்குப் பதினெட்டு வயதிருக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நீங்க டிவி மிஸ்தானே?" என்றாள். வடக்கே எந்த ஊர் என்று அவள் சொன்னதும் நான்காம் கட்டம் என்று தெரிந்துவிட்டது. ஒன்பதாவதில் தையல் டீச்சரிடம் இருந்திருக்கிறாள். பத்தாவது வரும்போது அவர் இல்லை. கணக்கில் போய்விட்டது, மறுபடி எழுதியும் போய்விட்டது. நர்சிங் படிக்க ஆசையாம். அதை மடிப்பைப் பிரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"புரியலன்னா சிவப்பு பட்டன் இருக்கேம்மா. அமுக்க வேண்டியதுதானே?"

"அத அமுக்கக் கூடாது மிஸ். சிவப்பு வந்தா ஸ்டுடியோலேருந்து போன் போட்டுத் திட்டுவாங்க, யாரும் தொடாதீங்கன்னு ஹெச்.எம். சொல்லிட்டாரு. முன்ன ஒரு தடவ அப்படித்தான் போன் வந்துச்சாம்."

ஒரே ஒரு போன். நான் போட்டது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் தலைமையாசிரியர்கூட மாறிவிட்டார். என் போன் மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது.

நான் எடுக்க வந்தது சிவப்பு. வேறு நிறம் சொல்ல வாய் வரவில்லை. எண்பது சென்டிமீட்டர் என்றேன். அவள் மேசை விளிம்பில் பதித்திருந்த அளவுகோலில் துணியை நீட்டி அளந்தாள். அளந்த இடத்தில் வெட்டாமல், விரலை வைத்துக் கொஞ்சம் தள்ளிக் கத்தரியைப் போட்டாள்.

"ஒரு விரக்கடை சேத்தே வெட்டியிருக்கேன் மிஸ். தையல் டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அந்தத் துணியை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. ஸ்டுடியோ மேசையின் இழுப்பறையில் மடித்தபடி கிடக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குப் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல். முடியும்போது எட்டுக் கட்டங்களும் பச்சையாக இருக்கும்.