அண்ணாவின் காரும் நான் பிந்தித் தைத்த பின் சீட்டும்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்து இன்றோடு நான்கு நாள். உட்கார்ந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. இரண்டு வரி எழுதியதும் எழுந்து போய்க் கடைக் கதவைத் திறந்து தெருவைப் பார்க்கிறேன். வந்து தேத்தண்ணி போடுகிறேன், குடிக்க மறக்கிறேன். யாரும் அவசரமாகக் கேட்காத சட்டைக்குப் பொத்தான் வைக்கிறேன். அச்சகத்துத் தம்பி நேற்றும் தொலைபேசியில் வந்தார்.

"அக்கா, தேவாரம் வந்திட்டுது, வம்சாவளி வந்திட்டுது, படம் எல்லாம் வந்திட்டுது. உங்கடை கட்டுரை ஒண்டுதான் நிக்குது."

"நாளைக்குத் தாறன் தம்பி" என்றேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எங்கள் அண்ணாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளே, நண்பர்களே, முதலில் முறைப்படி அவருடைய பிறப்பிலிருந்து தொடங்குகிறேன்.

அண்ணா மானிப்பாயில் எங்கள் பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார். ஏழு வருடம் கழித்து நான் பிறந்தேன். எங்கள் இருவருக்கும் இடையிலும் யாரும் இல்லை, எனக்குப் பின்னும் யாரும் இல்லை. இப்படியான மலர்களில் படிப்பில் கெட்டிக்காரர் என்று எழுதுவது வழக்கம். அண்ணா படிப்பில் சுமார்தான். வகுப்பு வாங்கில் இருக்கப் பொறுக்காதவர் என்று வாத்தியார் வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறார். வீட்டு வானொலியைக் கழற்றிப் பூட்டி, மிஞ்சிய இரண்டு திருகாணியைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்தவர். வானொலி பிறகும் பாடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இளைஞர்கள் ஊரில் நிற்க முடியாத காலம் வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. புறப்பட்டு எட்டு மாதத்துக்குப் பிறகு பாரிசிலிருந்து கடிதம் வந்தது. 'சுகமாக வந்து சேர்ந்தேன்' என்று ஒரு வரி. அந்த எட்டு மாதத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் எங்களுக்குச் சொன்னதில்லை.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில் ஒரு அறையில் ஒன்பது பேரில் ஒருவராக இருந்தார். உணவகங்களில் கோப்பை கழுவினார். விசா கிடைத்ததும் ஒரு பலசரக்குக் கடைக்கு வான் ஓட்டத் தொடங்கினார். ஒபர்வில்லியே களஞ்சியங்களிலிருந்து இங்குள்ள கடைகளுக்கு அரிசியும் மாவும் இறக்கியே இருபத்தாறு வருடம் போனது. என்னை இங்கே எடுப்பித்தவர் அவர். எனக்கு இந்தத் தையல் கடையைப் பார்த்துத் தந்தவரும், முதல் மெசினைத் தோளில் சுமந்து வந்து வைத்தவரும் அவர்தான். அண்ணியைக் கைப்பிடித்தார், ஒரு மகளைப் பெற்றார், பாரிசுக்கு வெளியே செவ்ரானில் கராஜ் உள்ள ஒரு சிறிய வீட்டை வாங்கினார். கராஜை அண்ணி அரிசி மூட்டைக்கும் பெரிய குளிர்ப்பெட்டிக்கும் என்று அன்றே ஒதுக்கிவிட்டார்.

அண்ணாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவர் காலை மடித்து இருக்க மாட்டார். கோயிலில் சுவர் ஓரம் தேடி இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு இருப்பார், பெரியவர்கள் முறைப்பார்கள். கல்யாண வீட்டில் வரிசையின் ஓரக் கதிரையைப் பிடித்து, போகிற வருகிறவர்களை இடறி விழுத்துவார். மரியாதை தெரியாத மனிசன் என்று நானே பலமுறை பேசியிருக்கிறேன். அதற்கு இப்போது வருந்துகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள், தூர இடத்துக்குச் சாமான் இறக்கப் போனவர், வழியில் ஒரு பண்ணைக் கொட்டிலில் அந்தக் காரைக் கண்டிருக்கிறார். அறுபது வருடப் பழைய அமெரிக்கக் கார். யாரோ கப்பலில் கொண்டுவந்து, ஓடி அலுத்து, விட்டுவிட்டது. உள்ளே கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததாம். அடுத்த ஞாயிறு அதை ஒரு லொறியில் ஏற்றிச் செவ்ரானுக்குக் கொண்டுவந்தார். நானும் அங்கே நின்றேன். கராஜுக்குள் தள்ளினால் முன்பக்கம் சுவரில் முட்டுகிறது, பின்பக்கம் ஒரு முழம் தெருவில் நிற்கிறது. கதவு பூட்டாது. மகள் தலையில் கை வைத்து, "சே பா போசிபிள், பப்பா!" என்று, இது ஏலாத காரியம் என்ற பொருளில் பிரெஞ்சில் கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என்னப்பா, என்ரை பிரிட்ஜை எங்கை வைக்கிறது?" என்று அண்ணி கேட்டார்.

"குசினிக்குள்ளை வையுமன்."

"அப்ப குசினியை எங்கை வைக்கிறது?"

அன்றிலிருந்து அண்ணி அந்தக் காருக்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்தார். வேலை முடிந்து வந்தால் சக்களத்தியிடம்தான் முதலில் போகிறார் என்று எல்லோரிடமும் முறையிட்டார். ஆனால் கராஜின் பின்சுவரை உடைத்து ஒரு மீட்டர் நீட்டிக் கட்டியபோது சீமெந்து குழைத்துக் கொடுத்தவரும் அண்ணிதான்.

நான்கு வருடம் அண்ணா அதோடு மல்லுக்கட்டினார். இறுகிப்போன எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மாலையும் கம்பி போட்டு அசைத்துப் பார்ப்பார். நாற்பத்தோராம் நாள் அது ஒரு விரல் அளவு திரும்பியது. அதற்கு அவர் எனக்குத் தொலைபேசி எடுத்துச் சத்தம் போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் யாருக்கோ பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்தார்கள். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டிப் புதுத் தகடு ஒட்டியவர் சூசை அண்ணை. மன்னாரைச் சேர்ந்த அவர் அண்ணாவோடு ஒன்றாகவே பிரான்சுக்கு வந்து, அந்த ஒன்பது பேர் அறையிலும் இருந்தவர். இப்போது ஒபர்வில்லியேயில் கார்களுக்குத் தகரவேலையும் பெயின்ரும் செய்கிறார். உதிரிப்பாகங்கள் அமெரிக்காவிலிருந்து என் கடை விலாசத்துக்கு வந்தன, அண்ணிக்குத் தெரியக்கூடாது என்று. புதுச் சேலை வந்திருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் ஆசையோடு பெட்டியைப் பிரித்து, உள்ளே பிரேக் சட்டியைக் கண்டு விழித்தார்.

இனி என் பங்கு. இதை எழுதத்தான் நான்கு நாளாக எழும்பி எழும்பித் திரிகிறேன்.

சீட்டுகளைத் தைத்துத் தருவதாக நானே வாய் கொடுத்தேன். கத்தரிப்பூ நிற ரெக்சின். முன் சீட்டை அண்ணா பக்கத்தில் நின்று அளந்து, அதட்டி, வெட்டுவித்துத் தைப்பித்தார். அது சரியாக அமைந்தது. பின் சீட்டை நான் தனியாகக் கடையில் வைத்துத் தைத்தேன். சட்டை தைக்கிற நாங்கள் தையலுக்கு உள்ளே ஒன்றரை விரல் துணி விடுவோம். இந்த வருடம் தைத்த சட்டை வருகிற வருடம் இறுகும், அப்போது பிரித்துப் பெருப்பிக்கலாம். முப்பது வருடக் கை என்னைக் கேட்காமலே அந்த ஒன்றரை விரலை விட்டுவிட்டது. மெத்தையில் பூட்டியபோது ஒவ்வொரு தையலுக்கு மேலும் வரப்புப் போல் எழும்பி நின்றது.

அண்ணா அதில் இருந்து பார்த்தார். எழும்பினார். திரும்பவும் இருந்தார்.

"பிள்ளை, சீட் வளராது. உதைப் பிரிச்சு ஒட்ட வெட்டித் தை."

பகிடியாகத்தான் சொன்னார். சூசை அண்ணையும் சிரித்தார். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது. ஊரிலுள்ள பாதிப் பெண்கள் என் கையால் தைத்துப் போடுகிறார்கள், எனக்கு நீர் தையல் படிப்பிக்கிறீரோ என்று கேட்டுவிட்டு, உறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மேசைக்குக் கீழே எறிந்தேன்.

அது அங்கேயே ஏழு மாதம் கிடந்தது. கார் ஓடத் தொடங்கிவிட்டது. பரிசோதனையும் முடிந்து பத்திரமும் கிடைத்தது. பின் சீட் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா தொலைபேசி எடுப்பார்.

"பிள்ளை, பின் சீட் எப்ப?"

"வாற கிழமை தாறன் அண்ணை."

தையல்காரிக்கு இந்த 'அடுத்த வாரம்' மூச்சு விடுவது மாதிரி. வருகிற எல்லோருக்கும் சொல்கிற அதே பதிலை என் அண்ணாவுக்கும் சொன்னேன். நேரம் இல்லாமல் இல்லை. ரோசம். காலால் தட்டுப்பட்ட பையை இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

பிறகு அவருக்குச் சுகமில்லாமல் போனது. வயிற்றில் என்றார்கள், பிந்திவிட்டது என்றார்கள். அண்ணி தன் சின்னக் காரில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினார். முழங்கால் முன்தட்டில் முட்ட அண்ணா முனகிக்கொண்டே போவாராம். ஞாயிறுகளில் தொலைபேசி எடுத்தார், என் பிள்ளைகளை விசாரித்தார். சீட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். நானும் அது நல்லதுக்கு என்று இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சூசை அண்ணை கடைக்குள் வந்தார். ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"தங்கச்சி, அந்தச் சீட்டை இன்னும் தைக்கேல்லையோ?"

"அவர் இனி ஓட்டவோ போறார் அண்ணை? சுகமாகி வரட்டும்."

"ஆர் ஓட்டக் கேட்டது? அவன் பின்னுக்கு இருக்கத்தான் உந்தக் காரைக் கட்டினவன்." சூசை அண்ணை கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார். "நாங்கள் இஞ்சை வந்தது லொறியிலை, மரப்பெட்டியளுக்குப் பின்னாலை. ரெண்டு பகல், ரெண்டு இரவு. முழங்கால் நாடியிலை முட்ட மடிஞ்சு இருந்தது. இறக்கேக்கை அவனாலை நிமிரவே ஏலேல்லை. நான்தான் காலைப் பிடிச்சு இழுத்து நிமித்தினனான். அண்டைக்குச் சொன்னவன், ஒரு நாளைக்கு இந்த நாட்டிலை பெரிய கார் ஒண்டிலை பின்னுக்கு இருந்து, காலை நீட்டிக்கொண்டு போவன் எண்டு. உனக்குச் சொல்லேல்லையோ?"

எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நின்ற ஆட்களை அனுப்பிக் கடையைப் பூட்டினேன். பையை இழுத்தெடுத்து, தையல் முழுவதையும் பிரித்து, உள்ளே விட்ட துணியை ஒட்ட வெட்டி எறிந்து தைத்தேன். மூன்று ஊசி முறிந்தது. அடுத்த நாள் வெறும் உறையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கட்டிலில் போர்வைக்கு மேல் விரித்தேன். அண்ணி தலைமாட்டில் நின்றார். அண்ணா கண்ணைத் திறந்து நிறத்தைப் பார்த்தார். பிறகு மெலிந்த விரலால் தையலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவிக்கொண்டு போனார்.

"உள்ளுக்கு எவ்வளவு விட்டனி?"

"ஒண்டும் விடேல்லை அண்ணை. ஒட்ட வெட்டிட்டன்."

"அப்ப நான் உடம்பு வைச்சா?"

அண்ணி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெள்ளிக்கிழமை காலை அண்ணா எங்களை விட்டுப் போய்விட்டார். உறை அப்போதும் அவர் காலின் மேல் கிடந்தது.

ஏழு மாதம். வேலை ஒரு பகல். இந்தக் கணக்கை நான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

சூசை அண்ணை சீட்டைக் காரில் பூட்டிவிட்டார். ஒரு சுருக்கம் இல்லை. சாவீட்டுத் துடக்குக் கழியும் வரை காரை வெளியே எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால் கராஜுக்குள்ளேயே நிற்கிறது. ஒருவரும் அதில் இன்னும் இருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் காலையில் கிரியைகள் முடிந்ததும் சக்கரங்களுக்குக் கீழே வைத்து நசுக்க நாலு தேசிக்காய் வாங்கிவைத்திருப்பவர் வேறு யாரும் இல்லை, அண்ணிதான். ஓட்டப் போகிறவரும் அவரே. முந்தாநாள் என்னிடம் சொன்னார்.

"மச்சாள், பின்னுக்கு முதல் நீங்கள்தான் இருக்கவேணும்."

"எனக்கு ஏலாது அண்ணி. பிறகு பாப்பம், வாற கிழமை..."

அண்ணி கையில் இருந்த தேசிக்காய்ப் பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணாவைக் கடைசி வரை பார்த்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த செவ்ரான் அயலவர்களுக்கும், வான் வேலையைத் தங்கள் தோளில் போட்டுக்கொண்ட கூட்டாளிகளுக்கும், மலரைப் பொறுமையோடு காத்திருந்து அச்சிட்ட தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. சூசை அண்ணைக்கு, அன்று லொறியிலிருந்து அவரை இழுத்து நிமிர்த்தியதற்கு என் தனி நன்றி. சட்டைக்காகக் காத்திருக்கும் என் வாடிக்கையாளர்களே, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி முடியாத நாளைச் சொல்ல மாட்டேன்.

இதை நீங்கள் கையில் வாங்கும்போது கார் லாச்சப்பல் மண்டப வாசலில் நிற்கும். நிற்காவிட்டால் செவ்ரானுக்கும் லாச்சப்பலுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது என்று எண்ணி, சூசை அண்ணையிடம் சொல்லுங்கள். நின்றால், நான் அதன் பின் சீட்டில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு வந்து இறங்கியிருப்பேன். சாப்பாடு முடிந்ததும் நீங்களும் ஒருவர் ஒருவராக வந்து ஏறுங்கள். சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். காலை நன்றாக நீட்டி இருங்கள். வாற கிழமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

அண்ணாவின் தங்கை
லாச்சப்பல், பாரிஸ்