மஞ்சள் குளியலறை

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் நாங்கள் இருந்த வீட்டின் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. கழிப்பறை தனியே இருந்ததால் அங்கே இருந்தவை ஒரு குளியல் தொட்டியும் கைகழுவும் தொட்டியும்தான். சுவர் முழுக்க மண்ணிறத்து டைல்ஸ், எங்களுக்கு முன்னால் எத்தனையோ குடும்பங்கள் குளித்துவிட்டுப் போனதைப் பார்த்தவை. கூரையின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா மட்டும் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. உணவகச் சமையலறையில் வேலை முடிந்து வருகிறவருக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய காரியம்.

அப்படிப்பட்டவர் லீவு எடுத்துக்கொண்டு அந்த அறையைத் திருத்தப் புறப்பட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கிழமை அது.

அம்மாவுக்கு வயிற்றுவலி என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் வயிற்றில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்ததும், வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலையில் அந்தக் குளியலறைத் தரையிலேயே அது இல்லாமல் போனதும் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து என்னைச் சித்தப்பா தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். நான் திரும்பி வந்தபோது அப்பா முழங்காலில் நின்று தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். தரை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தார்.

சித்தப்பாவுக்கு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, பூஞ்சணத்துக்கு மருந்தடிச்சு, கூரைக்கு வெள்ளை பூசினாக் காணும். டைல்சிலை ஒரு பிழையும் இல்லை" என்றார்.

"இல்லையடா. ஒண்டும் பழையபடி இருக்கக்கூடாது. அவ வரேக்கை வேறை வீடு மாதிரி இருக்கோணும்."

சித்தப்பா குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு, "ஓம் அண்ணை" என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்தார். கடையில் நிறம் தெரிவு செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நான் மஞ்சளைக் காட்டினேன். கறுப்பைக் காட்டியிருந்தாலும் அப்பா தலையாட்டியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பூஞ்சண மருந்தின் நெடியில் எங்கள் கண்கள் எரிந்தன. பளபளப்பு மங்கும்வரை டைல்சைத் தேய்த்தார்கள். அடிப்பூச்சுப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் மஞ்சளை உருட்டினார்கள். கூரைக்கு வெள்ளை. தரையில் புதிய விரிப்பை ஒட்டினார்கள். மண்ணிறம் கொஞ்சம் கொஞ்சமாக மறைவதைப் பார்த்து நான் துள்ளினேன். அந்த வீட்டில் அந்தக் கிழமை சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் நான்தான்.

அம்மா வந்தார். நான் ஓடிப்போய் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து பிடித்தேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"நல்லாயிருக்கு" என்றார். பிறகு போய்ப் படுத்துவிட்டார்.

அதன் பிறகு அம்மா முகம் கழுவியது சமையலறையில்தான். குளிக்க வேண்டும் என்றால் பஸ் பிடித்துச் சித்தப்பா வீட்டுக்குப் போய் வந்தார். ஈரத் தலையோடு குளிரில் திரும்பி வருகிறவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. மஞ்சள் நிறம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

"அப்பா, அம்மாக்கு மஞ்சள் பிடிக்கேல்லை. திருப்பி அடிப்பமோ?"

"நிறத்திலை பிழையில்லை பிள்ளை" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, நேரம் ஆகாமலே வேலைக்குக் கிளம்பினார்.

ஒரு பின்னேரம் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் சமையலறையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு என்ன நிறம் வேணும் அம்மா? சித்தப்பாட்டைச் சொல்லி மாத்துவம்."

அம்மா என்னையே பார்த்தார். "நீயோ அந்த நிறத்தை எடுத்தனி?"

"ஓம். உங்களுக்கெண்டுதான் எடுத்தனான்."

அவர் எழுந்து என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது. இருவரும் குளியலறைக்குள் போனோம். அம்மா உள்ளே கால் வைத்தது அன்றுதான். தொட்டியின் பக்கத்தில், தரையில், மெல்ல உட்கார்ந்தார். என்னையும் இழுத்து மடியில் இருத்திக்கொண்டார். மடியில் வைக்கிற வயதை நான் கடந்திருந்தேன். என் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அம்மாவின் நெஞ்சு என் முதுகில் பலமாக அடித்தது. பிறகு அவர் ஒரு கையை நீட்டி, தரையை ஒட்டியிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

பெயின்ற் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

"காய்ஞ்சிட்டுது அம்மா" என்றேன். "எப்பவோ காய்ஞ்சிட்டுது."

அம்மா என் தலையில் முகத்தை வைத்தபடி, ஓம் என்றார். கையை எடுக்கவில்லை.