முந்திக்கொண்டு ஓடிய தம்பி

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. பத்து மாடிக் கட்டிடத்தின் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே தொங்கும் பெட்டியைப் பார்த்தபடி பயமில்லாமல் வேலை செய்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில், அக்கா சொன்னதைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சித்தப்பா அடுத்த வாரம் நம்ம வீட்டோட வந்துடறாரு. தனியா இருக்க முடியலையாம். பாப்பாவுக்குக் கணக்கும் சொல்லித் தராராம்," என்றாள் அக்கா.

அக்கா மகள் பாப்பாவுக்கு ஒன்பது வயது. சித்தப்பா ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போன நாட்களில் தம்பிக்கும் ஒன்பதுதான்.

"வேண்டாம்க்கா," என்றார். கதவைச் சாத்தினார். சித்தப்பா தன்னை இரண்டு வருடம் என்ன செய்தார் என்பதை, நாற்பதாவது வயதில் அக்காவிடம் சொன்னார். நாலே வாக்கியம்.

அக்கா அடுப்பை அணைத்தாள். "நீ ஆம்பளைப் பையனாச்சேடா... அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டா நீதானே முதல்ல ஓடுவே? இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கல?"

"நான் வரலைன்னா உன்னைக் கூட்டிட்டுப் போவேன்னு சொன்னார்க்கா. அதான் முந்திக்கிட்டு ஓடுனேன்."

அக்கா வாய்விட்டு அழுதுவிட்டாள்.

சத்தம் கேட்டு வந்த அத்தானிடமும் சொன்னார்கள். அவர் முதலில் செய்தது, வாசலில் விளையாடிய மகளைக் கூப்பிட்டு அறைக்குள் அனுப்பியதுதான். "தப்பா நினைக்காதே. சின்ன வயசுல இப்படி ஆனவங்க, பெரியவங்க ஆனதும் அதையே செய்வாங்களாமே."

இந்தப் பயத்தில்தான் தம்பியும் கல்யாணமே வேண்டாமென்று இருந்தார். பாப்பா மடியில் ஏறினால் கையைக் கட்டிக்கொள்வார்.

"நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன் அத்தான். போன வருஷம் ஒரு டாக்டர்கிட்ட கேட்டேன். எங்கள்ல பெரும்பாலானவங்க ஒரு குழந்தையையும் தொடமாட்டாங்களாம். நீங்க பயப்பட வேண்டியது, பெட்டியோட வரப்போற ஆளைப் பார்த்து."

அக்கா போனை எடுத்தாள். எண் இரண்டு தடவை தவறியது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தப்பா, நீங்க இங்க வர வேண்டாம்."

 தேன் தடவிய குரல்: "தம்பி ஏதாவது உளறினானாம்மா?"

"நான் தம்பி பேச்சையே எடுக்கலையே," என்றாள் அக்கா. மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. 

அத்தான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் காலை, "வண்டியை எடுக்கறேன், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம்," என்றார்.

புகார் கொடுத்ததும் உறவில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தினார்கள். "வீடு போ போங்குது, காடு வா வாங்குது, அந்த மனுஷன் மேல போய்ப் புகாரா?" என்று கேட்டாள் அத்தை.

"அவர்கிட்ட இப்பவும் நாலு பிள்ளைங்க கணக்குப் படிக்குது அத்தை," என்றார் தம்பி.