பதறாத மணிக்கட்டு

கைபேசி கூப்பிட்டால் அவர் முதலில் குழாயடிக்குத்தான் போவார். இடது மணிக்கட்டில் கிடக்கும் கறுப்புப் பட்டையைச் சுற்றித் தண்ணீரை வழியவிடுவார். சூடான பாலை ஆற்றுவதுபோல, கன்னத்தை உப்பி மெல்ல ஊதுவார். அதற்குப் பிறகுதான் திரையைப் பார்ப்பார். சும்மா நலம் விசாரிக்கக் கூப்பிட்டவர்கள் அதற்குள் அலுத்துப்போய் வைத்துவிட்டிருப்பார்கள்.

படுக்கையில் விழுந்த என் அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் அனுப்பிய உதவியாளர் அவர். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பதில் அவசரமே காட்டமாட்டார். "தோள் வருது, இடுப்பு வருது, அவ்வளவுதான் ஐயா" என்று அங்கம் அங்கமாக அறிவித்துக்கொண்டே புரட்டுவார். அதைப் பார்த்து அப்பா அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்துவிட்டார். உள்ளுக்குள் அந்த நிதானத்தைப் போன்ற பதற்றக்காரர் வேறு கிடையாது என்பது அப்பாவுக்கும் தெரியும்.

நெஞ்சுத் துடிப்பை எண்ணும் அந்தப் பட்டை, நிறுவனம் கொடுத்தது. உடல்நலத்துக்கு என்று சொல்லிக் கட்டிவிட்டார்கள். அடுத்த வேலை எங்கே, என்ன சம்பளம் என்பது கைபேசியில் வரும். அதைப் படிக்கும்போது நெஞ்சு துள்ளினால், இந்த ஆள் எப்படியும் ஒத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டுவிடுவார்களாம். பிறகு சம்பளம் ஏறாது. துள்ளாமல் 'வேண்டாம்' என்றால், சற்றுக் கழித்துக் கூட்டித் தருவதாக மறுபடி கேட்பார்கள். உதவியாளர்கள் தங்களுக்குள் பேசிப் பேசிக் கண்டுபிடித்தது இது. நிறுவனம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"வாயக் கட்டலாம், வயித்தக் கட்டலாம். இத எப்படிக் கட்டுறது?" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார்.

ஒருமுறை அதையும் கட்டிவிட்டார். மூச்சை அடக்கிப் பழகி, கல்லுப்பிள்ளையார்போல உட்கார்ந்து திரையைப் பார்த்திருக்கிறார். துடிப்பு இம்மிகூட ஏறாததால் இவனுக்கு விருப்பமே இல்லை என்று முடிவுகட்டி, வேலையை வேறொருவருக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்த வேலை அது.

"பதறினா பாதிச் சம்பளம், பதறலேன்னா வேலையே இல்ல. ஆசைப்படணுமாம், ஆனா அளவா ஆசைப்படணுமாம்!"

இப்போது அவர் மனைவிக்கு நிறைமாதம். இங்கிருந்து வீடு போய்ச்சேர இரண்டு பேருந்து மாற வேண்டும். நடந்துபோகும் தூரத்தில் வேலை அமைந்தால்தான் வலி எடுக்கும்போது பக்கத்தில் இருக்க முடியும். பாதிச் சம்பளத்துக்குப் போனால் வாடகைக்கு வழியில்லை. மத்தியானம் மனைவி கூப்பிடும்போது குரல் அறை முழுக்கக் கேட்கும்.

"என்னங்க, ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லம்மா. நீ கேட்காத. நீ கேட்டாலே இது குதிக்குது."

"நம்ம கல்யாணத்தன்னைக்குக் குதிச்சுதா?"

"அன்னைக்குப் பட்டை இல்லையே, தப்பிச்சேன்."

நேற்று வந்தது. நாடித்துடிப்பைக் காட்டும் கவ்வியை அப்பாவின் விரலில் மாட்டிவிட்டு நிமிர்ந்தார், மணி அடித்தது. குழாயடிக்குப் போய்வந்து பார்த்தார். அவர் தெருவிலேயே, பகல் வேலை. சம்பளம்தான் அடிமட்டம். 'வேண்டாம்' என்பதைத் தொட்டுவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. மறுபடி கேட்பார்களா, வேறு ஆளைப் பார்ப்பார்களா?

"ஏய் நிதானம், என் கால் நகத்தப் பாரு. இத வச்சுத் தோட்டமே கொத்தலாம். நீயெல்லாம் சம்பளம் வாங்குற ஆளு!" என்றார் அப்பா.

"உங்க கால நீங்களே தூக்கிப் பார்த்தீங்களா ஐயா? அப்போ நாளைக்கே நடக்கலாம்!"

இருவரும் சிரித்தார்கள். அவர் நகவெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது மறுபடி மணி. இந்த முறை குழாயடிக்குப் போகவில்லை. சிரிப்பு வாயில் இருக்கும்போதே பார்த்தார். அதே வேலை, இங்கே வாங்கும் அதே சம்பளம். 'சரி' என்பதைத் தொட்டார்.

"கிடைச்சிருச்சு ஐயா. நாளைலேர்ந்து."

"நல்லதாப் போச்சு. கிளம்பு. எனக்கென்ன, இன்னொருத்தன் வருவான். எனக்கு ஒரு பதற்றமும் இல்லப்பா," என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி.

கவ்வியில் எண் ஏறிக்கொண்டே போனது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். குனிந்து அதை அப்பாவின் விரலிலிருந்து கழற்றி, எண் தெரியாதபடி மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அப்பாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் நகத்தை வெட்டத் தொடங்கினார்.