ஐவிக்குச் சேனை வைத்த கதை

அப்பா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தோட்டவேலை பார்த்தார். நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஒரு சாயங்காலம், தூக்குச்சட்டியில் மண்ணும் ஒரு சிறு நாற்றுமாக வீடு வந்தார். கல்லூரிச் சுவரில் படர்ந்திருந்த ஐவிக் கொடியின் அடியில் அது தானாக முளைத்திருந்தது. தாய்க்கொடியின் இலை முழுப் பச்சை. இதற்கு மட்டும் ஓரத்தில் மோர் சிந்தியதுபோல் வெள்ளை. தாவரவியல் டீச்சர் பார்த்துவிட்டு, “இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்லை. வீட்டுல வச்சுத் தேத்திக் கொண்டு வாங்க. பேரும் நீங்களே சொல்லுங்க, போர்டு வச்சிருவோம்” என்றாராம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். போர்டில் யார் பெயர் வரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதி, சுற்றிலும் இலை வரைந்து வைத்தேன்.

அம்மா அதைக் கெடுத்தாள். பெயர் வைப்பது அத்தை முறை என்று சாத்தான்குளத்துக்கு விளையாட்டாகப் போன் போட்டாள். அப்பாவின் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். வீட்டில் அவளும் மாமாவும் மட்டும்தான். மறுநாளே பஸ் ஏறி, கல்யாண வீடுகளுக்குக் கட்டும் சேலையில் கருப்பட்டியோடு தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

“பிள்ளை எங்கட்டி?”

“அத்தை, அது செடி.”

“இருக்கட்டும். மொதல்ல சேனை வைக்கணும்லா.”

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. அத்தை கருப்பட்டியைக் கரைத்து, விரலில் தொட்டு ஒவ்வோர் இலையிலும் வைத்தாள். பிறகு குனிந்தவள் தயங்கினாள்.

“இதுக்குக் காது எங்கன இருக்கு?”

“பைய சொல்லுக்கா, அதுக்கு எல்லாப் பக்கமும் கேக்கும்” என்றார் அப்பா.

மூன்று முறை சொன்னாள். இசக்கிராணி.

நான் அழுதுவிட்டேன். “காலேஜ் போர்டுல போயி இசக்கிராணியா? எல்லாரும் சிரிப்பாவ.”

“உம் பேரை வச்சா மட்டும் சிரிக்க மாட்டாவளோ?” என்றாள் அம்மா.

விடிந்து பார்த்தால் செடியே தெரியவில்லை, அத்தனை எறும்பு. இரண்டு இலைகள் சுருண்டு கிடந்தன. நான் செம்பு நிறையத் தண்ணீரோடு ஓடினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேர் பிடுங்கிரும்ட்டி.” ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். விரலெல்லாம் கடி வாங்கிக்கொண்டு, சட்டியைத் தண்ணீர்த் தட்டில் தூக்கி வைத்தாள். ஒரு நாளுக்கு வந்தவள் ஐந்து நாள் தங்கினாள். ஐந்தாம் நாள் வெள்ளை ஓரத்தோடு ஒரு தளிர் விட்டது. அதற்கப்புறம்தான் ஊருக்குக் கிளம்பினாள்.

கொடி கல்லூரிக்குத் திரும்பியபோது டீச்சர் சிரிக்கவில்லை. பிரஷ்ஷை என்னிடமே கொடுத்தார். எழுதியது நான் என்றானதும் பெயர் அத்தனை மோசமாகத் தோன்றவில்லை.

போர்டைப் பார்க்க அத்தை வந்தாள். என்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“எப்படி அத்தை உடனே பேரு சொன்ன?” என்றேன்.

“அது எப்பவோ யோசிச்சு வச்சதுட்டி.”

சாத்தான்குளத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் யோசித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.