பூசியது தெரியாத நிறம்

மேடை ஏறும் நாள்களில் நான் கண்ணிமைக்கு ஐ ஷாடோ பூசுவதை ஒருவரும் அறியார். அறியக்கூடாது என்பதே என் ஏற்பாடு. பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை விவாத மேடைகளில் வளர்ந்தவள் நான். சொல்லுக்காகவே என்னைப் பார்க்கிறார்கள் என்ற செருக்கு எனக்கு உண்டு. ஆயினும், போட்டியொன்றின் ஒளிப்படத்தில் என் கண்கள் உறங்கி வழிவதைக் கண்டபோது அந்தச் செருக்கு எனக்குப் போதவில்லை. மறுநாளே கொடிகாமம் சந்தைக்கு அருகிலுள்ள பான்சிக் கடைக்குப் போனேன்.

“உங்களுக்கு மினுங்கிற சாமான் வேண்டாம் அக்கா,” என்றாள் அங்கு வேலை செய்த பெண். என்னைவிட இரண்டு வயது இளையவள். கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து உள்ளங்கை அளவான பெட்டியொன்றை எடுத்தாள். இருந்தவற்றுள் அதுவே மலிவானது. உள்ளே ஒன்பது நிறங்கள்: பால்தேநீர், பனங்கட்டி, புழுங்கலரிசி, மழை பட்ட செம்மண், இப்படி ஒன்றோடொன்று சண்டையிடாத நிறங்கள்.

“பூசினாப் பூசினது தெரியாது. கண் மட்டும் தெளிவாத் தெரியும். ஒவ்வொரு நாளும் போடலாம்.”

“கம்பஸுக்குப் போட்டுக்கொண்டு போனா ஆரும் கண்டுபிடிப்பினமோ?”

“கண்டுபிடிச்சா பெட்டியைக் கொண்டுவந்து தாங்கோ,” என்று சிரித்தாள்.

மோதிரவிரலால் தொட்டு, இமையின் நடுவில் ஒற்றி, ஓரத்துக்கு இழுத்தாள். பழகாத கை எப்போதும் அள்ளிப் பூசும். அவள் கை மிச்சம் பிடித்தது. அன்றிலிருந்து எந்த மேடைக்குப் போனாலும் முதலில் அந்தக் கடையின் பின்னறைக்குப் போய்வருவது எனக்கு வழக்கமாயிற்று.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா அன்று நண்பகலிலும் அவளே என் கண்களைத் திருத்தினாள். அப்போதுதான் தன் செய்தியைச் சொன்னாள். கோப்பாயில் ஒரு கலியாணம். மணப்பெண் அலங்காரம் முழுவதும் அவளுடைய பொறுப்பு. முதல் மணப்பெண்.

“இது நல்லா வந்தா நான் கடையை விட்டிடுவன் அக்கா. அம்மா கூட இப்பதான் ஓமெண்டவ. பின்னேரம் உங்கடை பேச்சுக் கேக்க வாறன். முன்னுக்கு இருப்பன்.”

பெண்ணின் தன்னம்பிக்கையை வளர்ப்பது கல்வியா, தோற்றமா என்பது பட்டிமன்றத் தலைப்பு. எனக்குக் கிடைத்தது கல்வி அணி. எதிரணியில் பேசிய இளைஞன் கூட்டத்தைச் சிரிக்கவைத்துவிட்டு அமர்ந்தான். நடுவரும் அவனைப் பாராட்டினார். தோல்வியை என் உடம்பு அறிந்ததில்லை.

எங்கள் மேடைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. ஊரிலுள்ள ஒருவரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், பெயரைச் சொல்லக்கூடாது. பெயரைச் சொல்லாதவரை அது நாகரிகமான பேச்சு. அந்த நாகரிகத்தை நான் கையில் எடுத்தேன்.

“அவையோரே! நமது சந்தையடியில் ஒரு தங்கை இருக்கிறாள். ஒன்பது வகை மண்ணை ஒரு பெட்டியில் அடைத்து விற்கிறாள். ‘அக்கா, இதைப் பூசினால் பூசியது தெரியாது’ என்கிறாள். தெரியாமலிருக்கத்தான் பூச வேண்டுமென்றால், தங்கையே, பூசாமலே இருந்துவிடலாமே!”

பந்தல் அதிர்ந்தது. கைதட்டல் ஓயுமட்டும் நிறுத்தி நின்றேன். அப்படி நிற்கவும் பயின்றிருக்கிறேன். சந்தையடியில் பான்சிக் கடை ஒன்றுதான். அதில் வேலை செய்யும் பெண்ணும் ஒருத்திதான். பின்வரிசைகளிலிருந்த தலைகள் முதல் வரிசையை எட்டிப் பார்த்தன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்க்கும்போது வேறென்ன செய்வாள்? அவள் நிறம் தீட்டிய இமைகளோடு நான் அவளுக்கு நேர்முன்னே நின்றேன். எழுந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் என் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. என் அணி வென்றது.

அன்றிரவே நிலையத்தின் முகநூல் பக்கத்தில் என் பேச்சின் காணொளி ஏறியது. காலையில் அவளிடமிருந்து செய்தி வந்தது: “அக்கா, எனக்குப் பறவாயில்லை. அந்த வீடியோவை மட்டும் எடுக்கச் சொல்லுவீங்களோ? கலியாண வீட்டாக்கள் பாத்தாக் கரைச்சல்.”

மேடைப் பேச்சைத் தனிப்பட எடுத்துக்கொள்ளலாகாது என்று நீண்ட பதிலொன்றை எழுதி, திருத்தி, அனுப்பாமல் வைத்திருந்தேன். மூன்று நாள்கள் வைத்திருந்தேன். அந்த நாள்களில் பாராட்டுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றை ஒன்றொன்றாக வாசித்தேன்.

நான்காம் நாள் கடைக்குப் போனேன். அவள் வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கோப்பாயாலை வேண்டாமெண்டிட்டினம்,” என்றாள். அவ்வளவுதான்.

அங்கிருந்தே கோப்பாய்க் கலியாண வீட்டுக்குப் பேருந்து பிடித்தேன். வழிநெடுக வாதங்களை அடுக்கினேன். தொடக்கம், எடுத்துக்காட்டு, முடிவு என எல்லாம் ஆயத்தம். மணப்பெண்ணின் தாய் என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். இருக்கக் கதிரை தந்தார். நான் பேசினேன். அந்தப் பெண்ணின் திறமையை, பொறுமையை, கைநேர்த்தியை அழகான சொற்களில் எடுத்துரைத்தேன். அவர் இறுதிவரை கேட்டார்.

“நல்லாக் கதைக்கிறீங்கள் தங்கச்சி. அண்டைக்கும் நல்லாத்தான் கதைச்சனீங்கள். மாப்பிளை வீட்டுக்காரர் போனிலை போட்டுக் காட்டினவை. எதை நான் நம்புறது?”

அடுக்கிவந்த வாதங்களை விட்டேன்.

“அண்டைக்கு நானும் பூசியிருந்தனான் அம்மா. அவதான் பூசிவிட்டவ.”

அவர் என் கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா,” என்று மகளை அழைத்தார். “உவ பூசிக்கொண்டு நிண்டுதானாம் உப்பிடிக் கதைச்சவ.” மணப்பெண் கதவு நிலையில் நின்று என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“நான் போன் எடுத்து வேண்டாமெண்டு சொல்லேக்கை அந்தப் பிள்ளை இதைச் சொல்லியிருக்கலாமே,” என்றார் தாய். “ஒரு சொல்லும் சொல்லேல்லை. சரியெண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டுது.” மகளைத் திரும்பிப் பார்த்தார். “நல்ல பிள்ளைதான். ஆனா டவுனிலை வேறை ஆளுக்குச் சொல்லியாச்சு. இனி மாத்தேலாது.”

வாசற்படலைக்கு வெளியே நின்று நிலையச் செயலாளரை அழைத்து, காணொளியை எடுத்துவிடும்படி கேட்டேன்.

“ஏன் தங்கச்சி? எங்கடை பக்கத்திலையே உந்த வீடியோவைத்தான் கனபேர் பாத்திருக்கினம்.”

“எத்தினை பேர் அண்ணை?” என்று கேட்டேன். அந்த வீட்டுப் படலையில் நின்று அதைத்தான் கேட்டேன். அவர் சொன்ன எண்ணிக்கை எனக்கு இனித்தது. அதற்குப் பிறகே, “எடுத்துவிடுங்கோ,” என்றேன்.

எடுத்துவிட்டார். அவளுக்குச் செய்தி அனுப்பினேன். “நன்றி அக்கா” என்று பதில் வந்தது. பந்தலில் சிரித்தவர்கள் முன்னால் நான் இன்றுவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தடுத்து இரண்டு மேடைகள் கிடைத்தன. இரண்டிலும் வேறு தலைப்பு என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

கொடிகாமம் கடைக்கு இப்போது நான் போவதில்லை. பெட்டி தீர்ந்தால் யாழ்ப்பாண நகரில், என்னை அறியாத ஒரு கடையில் வாங்குகிறேன். அங்குள்ள பெண் என் முகத்தைப் பாராமலே ஒன்றை எடுத்து நீட்டுவாள். நிறம் எனக்குச் சற்றும் பொருந்தாது. மறுத்துப் பேசாமல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.