குவைத்துப் புகையும் பங்குனிப் பட்டிமன்றமும்

போன வாரம் ஒரு மனு கொடுக்க சூலக்கரைக்குப் போயிருந்தேன். கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் செல்போனில் ஏதோ ஒரு நாட்டுச் சண்டையைச் சத்தமாக ஓடவிட்டு, "பாருங்க சார், இப்பத்தான் விழுந்துருக்கு, சுடச்சுட" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு கட்டடம் சரிந்தது. என் கண் கட்டடத்துக்குப் போகவில்லை, புகைக்குப் போனது. என்ன நிறம், எந்தப் பக்கம் சாய்கிறது, முன்னால் எங்கேயாவது பார்த்த புகையா என்று ஆராய ஆரம்பித்துவிட்டேன். "இது பழைய வீடியோ மாதிரி இருக்கே" என்றேன். தேசத்துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். எந்தத் தேசத்துக்கு நான் துரோகி என்றுதான் தெரியவில்லை.

இந்தப் புகை பார்க்கிற புத்தி என் மதினியிடமிருந்து எனக்குத் தொற்றியது. அண்ணன் மனைவி, பெயர் மாரித்தாய். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் தூரத்தில் புகை எழுந்தால் யாரும் உடனே ஓடிவிடுவதில்லை. ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். வெள்ளையாகக் குபீரென்று எழுந்தால் வெடிமருந்து அறை. கறுப்பாக உருண்டு வந்தால் காகிதக் குடோன். காற்று எந்தப் பக்கம், புகை எந்தப் பக்கம் என்று பார்த்து இன்ன கம்பெனி என்று முக்கால்வாசி சரியாகச் சொல்லிவிடுவார்கள். யார் வீட்டு ஆள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறது என்பதும் அதற்குள் மனசில் வந்திருக்கும். அப்புறம்தான் ஓட்டம்.

நான் சொல்வது 2003-ல் ஈராக் மேல் அமெரிக்கா குண்டு போட்ட அந்தப் பங்குனி மாதம். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் பிரிவில் இருந்தேன். டிசைன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வானத்தை நீலமாக்குவதும் தீயைப் பெரிதாக்குவதும்தான் வேலை. சண்டை தொடங்கிய வாரமே ஒரு ஆர்டர்காரர் பேப்பரில் வந்த ஏவுகணைப் படத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து, "இதையே போடுங்க, இந்த சீசன் இதுதான் ஓடும்" என்றார். டப்பாவுக்குள் போகப்போவது சுண்டுவிரல் நீளச் சரக்கு. நானும் வெட்கமில்லாமல் ஏவுகணைக்குப் பின்னால் இன்னும் நாலு முழம் தீயைச் சேர்த்துக் கொடுத்தேன்.

இங்கே நான் ஏவுகணைக்குத் தீ மூட்டிக்கொண்டிருக்க, அண்ணன் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு எங்கள் ஊர் ஆனைக்குட்டத்தில் தெரு மளிகைக்கடை போனுக்குக் கூப்பிடுவார், மதினி ஓடிப்போய்ப் பேசுவார். சண்டை தொடங்கியபின் ஒரு வெள்ளி போன் வரவில்லை. அடுத்த வெள்ளி நெருங்கியது. சிவகாசி டெலிபோன் பூத்துக்கு வந்து நம்பர் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் அரபியில் எதையோ சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். "என்ன சொல்லுதா தம்பி?" என்பார் மதினி. எனக்கு மட்டும் அரபி தெரியுமா? "லைன் பிஸியாம் மதினி" என்று அடித்துவிடுவேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு சேனலில் குவைத்திலும் ஏவுகணை விழுந்ததாக ஓட ஆரம்பித்தது. ஒரு பெரிய புகை, அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மதினிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் திடீரென்று எழுந்து டிவிக்கு ஒரு முழம் கிட்டத்தில் போய் நின்றார்.

"தம்பி, இங்கன வாங்க. இந்தப் புகை ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு மட்டும் இடதுபக்கம் சாயுது பாத்தீகளா? முந்தாநேத்து பாக்தாத்துன்னு காட்டுனதும் இதே புகைதான். ஒரே கம்பெனியில அடுத்தடுத்த ரூம் வெடிச்சாக்கூட ரெண்டு புகை ஒண்ணுபோல இருக்காது. இவன் ஒரு புகைய வச்சே ரெண்டு நாட்ட எரிக்கான்!"

நான் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. லேபிள் வேலை பார்க்கிற எனக்கு அது தெரியவில்லையே என்று கூச்சமாக இருந்தது. அன்றைக்கு மதினி நாலு வாய் சாப்பிட்டார். ஆனால் புகை பொய் என்றால் அண்ணன் ஏன் கூப்பிடவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஊரில் பங்குனிப் பொங்கல். பட்டிமன்றம் முன்னமே ஏற்பாடாகியிருந்தது. 'இன்றைய உலகை ஆள்வது வல்லரசின் ஆயுதமா, ஊடகமா?' என்று தலைப்பு. நடுவர் விருதுநகரிலிருந்து வந்த இன்சூரன்ஸ் முகவர். எந்தத் தலைப்பானாலும் பேச்சின் நடுவே ஒரு பாலிசியை நுழைத்துவிடுகிற வித்தகர். குலுக்கலில் எனக்கு விழுந்தது ஆயுதக் கட்சி. ஊடகக் கட்சியில் என்னோடு அச்சகத்தில் வேலை பார்த்த கணேசன்.

கணேசன் பிரமாதமாகப் பேசினான். "ஊரை அழிக்கிற ஆயுதம் அங்க இருக்குன்னு சொல்லித்தானே போனான்? எவனாவது கண்ணால பாத்தானா? பேப்பர்லயும் டிவிலயும் சொல்லிச் சொல்லியே உலகத்த நம்ப வச்சுட்டான். பட்டாள வண்டியிலயே ஏறிப் போற நிருபர் யார் பக்கம் பேசுவான்? கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்துக்கிட்டு சாம்பார்ல உப்பில்லன்னு மாப்பிள்ளை வீட்டாரைப் பாத்து எவனாவது சொல்லுவானா?" கைதட்டல் அடங்க நேரமானது.

அடுத்தது நான். கப்பல், விமானம், எண்ணெய்க் கிணறு என்று குறிப்பெல்லாம் வேஸ்ட் தாளில் எழுதி வைத்திருந்தேன். "ஆயுதம் இருக்கிறவன் நினைத்தால் ஒரு நொடியில்…" என்று ஆரம்பித்தேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் மதினி உட்கார்ந்திருந்தார். பார்வை என் மேல் இல்லை, மளிகைக்கடைப் பக்கம் இருந்தது. ஏவுகணைதான் எல்லாம் என்று அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, டிவியில் பார்த்த புகைக் கதையைச் சொன்னேன். ஆயுதம் ஒரு இடத்தில்தான் விழும், படம் விழாத இடத்திலும் விழுந்து வீட்டுக்கு வீடு பட்டினி போடும் என்றேன். மருந்து நெடி போகாத கையோடு வந்து உட்கார்ந்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஆமாப்பா, நானும் பாத்தேன், அதே புகைதான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் அணித் தலைவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

நடுவர் மைக்கை இழுத்து, "தம்பி, நீங்க எந்தப் பக்கம்?" என்றார்.

"எங்க அண்ணன் உசுரோட இருக்கிற பக்கம்" என்றேன். எனக்கே அப்படிச் சொல்லப்போகிறேன் என்று தெரியாது.

நான் உட்கார்ந்து அடுத்தவர் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏலே, குவைத்து போனு!" மேடையிலிருந்து குதித்ததில் என் செருப்பு அறுந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் மதினி ரிசீவரைப் பிடித்தபடி பேச்சில்லாமல் நின்றார். வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அண்ணன் அழுதுகொண்டிருந்தார்.

"மாரி இருக்காளா? அவ குரலக் கேக்கணும்லே, பேசச் சொல்லு!"

விஷயம் இதுதான். முந்தின வெள்ளி அவருக்கு லைன் கிடைக்கவில்லை. நாலு நாள் முன்பு எங்கள் பக்கம் ஒரு கம்பெனியில் ஒரு மருந்து அறை வெடித்தது. மதியச் சாப்பாட்டு நேரம் என்பதால் ஆளுக்குச் சேதமில்லை. புகையைப் பார்த்தே எங்களுக்கு அரைமணியில் எல்லாம் தெரிந்துவிட்டது, மறந்தும் போய்விட்டோம். குவைத்தில் யாரோ வைத்திருந்த தமிழ்ச் சேனலில் அடியில் ஒரு வரி ஓடியிருக்கிறது: சிவகாசி அருகே வெடிவிபத்து. எந்த ஊர், எந்தக் கம்பெனி, யாருக்கு என்ன, ஒன்றும் கிடையாது. ஏவுகணைக்கு நாளெல்லாம் இடம் இருந்தது, எங்களுக்கு ஒரு வரி. அந்த வரியைப் பார்த்துவிட்டு அண்ணன் நாலு நாளாக லைன் கிடைக்காமல் சோறு தின்னாமல் கிடந்திருக்கிறார். தன் பக்கம் ஏவுகணை வந்ததா என்றுகூட அவருக்குக் கவலையில்லை.

மதினிக்கு அப்போதுதான் குரல் வந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிட்டீகளா? சண்டை நடக்குற ஊர்ல இருந்துக்கிட்டு என்னைப் பத்தியா அழுறீக?" என்றவர், அழுதுகொண்டே சிரித்தார். அண்ணன் உடனே, நீ அந்த வேலையை விடு என்றிருக்கிறார். "நீங்க மொதல்ல இங்கன வாங்க, நான் அன்னைக்கே விடுதேன்" என்றார் மதினி. கடை வாசலில் அதற்குள் பாதிக் கூட்டம் வந்துவிட்டது. நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. தீர்ப்பு ஊடகத்துக்கு என்று மறுநாள் கணேசன் வந்து சொன்னான்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் கணக்கு முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மதினியும் சொன்ன சொல் தவறவில்லை, அடுத்த நாளே கம்பெனிக்கு முழுக்குப் போட்டார். அண்ணன் இப்போது விருதுநகரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரப் பத்து நிமிஷம் தாமதமானாலும் மதினி செல்போனில் பிடித்துவிடுகிறார்.

அந்த மளிகைக்கடை இல்லை, கடைப் போனும் இல்லை. பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைப்பதும் நின்று, ஆடலும் பாடலும் வந்துவிட்டது. இதற்கெல்லாம் நான் வருத்தப்படுகிறேனா என்றால், உண்மையைச் சொல்கிறேன், இல்லை. ஒரு ஆள் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் பதினைந்து நாள் இருந்தோம் என்று சொன்னால், அண்ணன் திரும்பி வந்தபின் பிறந்த மகள் சிரிக்கிறாள். "ஒரு வீடியோ கால் போட்டிருக்கலாம்ல சித்தப்பா?" என்கிறாள். நான் விளக்குவதில்லை. அது அவளுக்குப் புரியாமலே போகட்டும்.